எவரெஸ்ட் உச்சியில் டென்சிங் காலில் இருந்தது யாருடைய காலணி? கிராம்பான் முள்ளும் வாரும் சொல்லும் கதை

ராதாபுரம் பக்கம் பனை ஏறுகிறவர்களுக்கு ஒரு விஷயத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காலில் மாட்டும் தளைநார் பெருத்துவிட்டால் பிடிப்பு கிடைக்காது. சிறுத்துவிட்டால் கால் அகலாது. மரத்தின் பருமனுக்கும் ஏறுகிறவர் பாதத்துக்கும் அது பொருந்தியே ஆகணும். அடுத்தவர் நாரை மாட்டிக்கொண்டு ஏறுவது ஆபத்து.

தேரி மணலில் நிற்கும் பனைக்கு உண்டான இந்தக் கணக்கு, பனிமலைக்கும் அப்படியே உண்டு. அங்கே நாருக்குப் பதிலாக இரும்பு முள். பெயர் கிராம்பான். எவரெஸ்ட் உச்சியில் முதன்முதலாகக் கால் வைத்த இருவரில் ஒருவரான டென்சிங் நோர்கேயின் வாழ்க்கையை, அவர் காலில் மாட்டியவற்றின் வழியாகவே சொல்லிவிட முடியும். கொடி பிடித்து நிற்கும் அந்தப் புகழ்பெற்ற படத்தை எல்லாரும் பார்த்திருப்போம். அதில் அவர் காலை யாரும் கவனிப்பதில்லை.

எவரெஸ்ட்டுக்கும் தென்கோடிக்கும் ஏற்கெனவே ஒரு சொந்தம் இருக்கு. ஆங்கிலேயர் காலத்தில் நாட்டையே முக்கோணம் முக்கோணமாக அளந்தார்களே, அந்த அளவையின் நெடுங்கோடு தெற்கே கன்னியாகுமரி முனையிலிருந்து இமயமலை அடிவாரம் வரை போகிறது. அந்த அளவை வேலையின் தொடர்ச்சியாகத்தான் 1850-களில், உலகிலேயே உயரமான சிகரம் இதுதான் என்று தெரியவந்தது.

சரி, கதைக்கு வருவோம்.

யார் இந்த டென்சிங்?

1914-ல் பிறந்தவர். சரியான தேதி அவருக்கே தெரியாது. எவரெஸ்ட் ஏறிய மே 29-ஐயே பின்னாளில் பிறந்தநாளாக வைத்துக்கொண்டார். பிறந்த இடம் திபெத்தா, நேபாளத்தின் கும்பு பகுதியா என்பதிலும் இன்றுவரை இரண்டு கருத்து உண்டு. 13 பிள்ளைகளில் 11-வது. அப்பா யாக் மேய்ப்பவர். பள்ளிக்கூடம் போனதில்லை. பல மொழி பேசுவார், ஆனால் எழுதத் தெரியாது.

1920-களில் ஆங்கிலேயர்கள் எவரெஸ்ட்டுக்குப் படையெடுத்தபோது, அவர்களுக்குச் சுமை தூக்கப் போன ஷெர்பாக்கள் சிலர் ஊர் திரும்பினார்கள். அவர்கள் கொண்டுவந்ததில் சிறுவன் டென்சிங்கின் கண்ணை உறுத்தியது மலையேற்றக் காலணி. அதுவரை அப்படி ஒன்றை அவர் பார்த்ததே இல்லை. கெஞ்சிக் கேட்டுப் போட்டுப் பார்த்தார். கனத்தில் ஓர் அடி எடுத்து வைக்க முடியவில்லை!

ஆசை மட்டும் போகவில்லை. 18, 19 வயதில் வீட்டை விட்டு டார்ஜிலிங் போனார். 1935-ல் எரிக் ஷிப்டன் தலைமையில் எவரெஸ்ட்டை நோட்டம் பார்க்கப் போன ஆங்கிலேயக் குழுவில் சுமை தூக்கும் வேலை கிடைத்தது. கம்பளி உடை, கண்ணாடி, காலணி எல்லாம் கொடுத்தார்கள். சுமை தூக்குகிறவர் விஷயத்தில் ‘அளவு சரியா’ என்பது இரண்டாவது கேள்விதான். கொடுத்ததைப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

அது என்ன கிராம்பான்?

கெட்டிப்பட்ட பனி, கண்ணாடி மாதிரி வழுக்கும். சாதாரண காலணி அங்கே நிற்காது. பழைய காலத்தில் காலணியின் அடியில் ஆணி அடித்துக்கொண்டு ஏறினார்கள். சரிவு கூடினால் அதுவும் போதாது. பனிக்கோடரியால் படி வெட்டி வெட்டித்தான் மேலே போகணும். ஒரு நாளின் பாதி, படி வெட்டுவதிலேயே போய்விடும்.

20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆஸ்கர் எக்கன்ஸ்டைன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் இதற்கு ஒரு வழி செய்தார். பாதத்தின் அளவுக்கு இரும்புச் சட்டம், அதன் கீழ்ப்பக்கம் 10 முள். இத்தாலியின் கூர்மேயர் ஊரில் கொல்லுப்பட்டறை வைத்திருந்த ஹென்றி கிரிவெல் அதைச் செய்து கொடுத்தார். 1930-ஐ ஒட்டி கிரிவெல் குடும்பத்து லோரான் முன்பக்கம் நீட்டிய இரண்டு முள்ளைச் சேர்த்தார். மொத்தம் 12 முள் ஆனது. கால் நுனியால் பனிச்சுவரை உதைத்து நேராக ஏறலாம் என்ற நிலை அதற்குப் பிறகுதான் வந்தது.

இந்த இரண்டு முள் என்ன செய்தது என்பதற்கு 1938-ல் சுவிட்சர்லாந்தின் ஐகர் மலை சாட்சி. வடக்குச் சுவரில் இரண்டு ஜோடிகள் ஏறின. ஹெக்மையர் ஜோடியிடம் புது 12 முள் கிராம்பான். முதல் நாளே கிளம்பிய மற்ற ஜோடியில் காஸ்பரெக்கிடம் பழைய 10 முள்தான். அவருடன் போன ஹைன்ரிக் ஹாரரிடம் கிராம்பானே இல்லை, ஆணி அடித்த காலணி மட்டும். பின்னால் கிளம்பிய ஹெக்மையர் ஜோடி, முன்னால் போனவர்களைப் பிடித்துவிட்டது. கடைசியில் நால்வரும் ஒரே கயிற்றில் சேர்ந்து ஏறி முடித்தார்கள்.

முள் பிரச்சினை தீர்ந்தாலும் வார் பிரச்சினை தீரவில்லை. அன்றைய கிராம்பானை தோல் வாராலோ பட்டை நாடாவாலோ காலணியோடு சேர்த்துக் கட்டணும். லேசாகக் கட்டினால் கழன்றுவிடும். இறுக்கிக் கட்டினால் மெல்லிய தோல் காலணி நசுங்கி, விரலுக்கு ரத்தம் போகாது. கடுங்குளிரில் ரத்தம் போகாத விரல் கருகும், பிறகு வெட்டி எடுக்க வேண்டியதுதான். மல்லோரி காலத்து எவரெஸ்ட் குழுக்கள் கிராம்பானைக் கையில் வைத்திருந்தும் உயரமான பகுதிகளில் மாட்டத் தயங்கியது இந்தப் பயத்தால்தான். வழுக்கி விழுவதா, விரலை இழப்பதா? இரண்டில் எதைத் தேர்ந்தெடுப்பது?

விரல் இல்லாத நண்பர்

1936, 1938 என்று டென்சிங் திரும்பத் திரும்ப எவரெஸ்ட் போனார். 1938-ல் மிக உயரத்துக்குச் சுமை கொண்டுபோனவர்களுக்குத் தரப்படும் ‘புலி’ பதக்கம் கிடைத்தது. பிறகு உலகப்போர் வந்தது. அந்த வருடங்களில் முதல் மனைவி தாவா பூட்டி இறந்துபோனார். சிறு பிள்ளைகளோடு டார்ஜிலிங் திரும்பிய அவர், அங் லாமுவை மணந்தார். 1947-ல் ஏர்ல் டென்மன் என்பவர் அனுமதியே இல்லாமல் திருட்டுத்தனமாகத் திபெத்துக்குள் புகுந்து எவரெஸ்ட் ஏறப் பார்த்தபோது, கூடப் போனவர்களில் டென்சிங்கும் ஒருவர். பாதியில் திரும்பிவிட்டார்கள். டென்மன் தன்னுடைய கம்பளிக் குல்லாயை அவருக்கு விட்டுப் போனார். அந்தக் குல்லாயை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அதே வருடம் சுவிஸ் குழுவோடு கேதார்நாத் சிகரத்துக்குப் போனபோது, ஷெர்பாக்களின் தலைவரான வாங்டி நோர்பு விழுந்து படுகாயமடைந்தார். அவரை மீட்பதில் முன்னின்ற டென்சிங்கைச் சுவிஸ்காரர்கள் சர்தார் ஆக்கினார்கள். சுமை தூக்கியவர், ஆட்களை நடத்துகிறவர் ஆனார். 1951-ல் பிரெஞ்சுக் குழுவோடு நந்தாதேவி. உச்சியை நோக்கிப் போன இரண்டு பேர் திரும்பவே இல்லை. அவர்களைத் தேடும் முயற்சியில்தான் டென்சிங்கும் லூயி துபோவும் 7,434 மீட்டர் உயர நந்தாதேவி கிழக்குச் சிகரத்தில் ஏறினார்கள். தன் வாழ்க்கையிலேயே கஷ்டமான ஏற்றம் எவரெஸ்ட் இல்லை, அதுதான் என்று டென்சிங் பின்னாளில் சொன்னது பலருக்கு ஆச்சரியம்.

1952-ல் மறுபடி சுவிஸ்காரர்கள் வந்தார்கள், இந்த முறை எவரெஸ்ட்டுக்கு. அங்கேதான் ரேமண்ட் லாம்பெர் நண்பரானார். 1938-ல் ஆல்ப்ஸில் புயலில் சிக்கி, கால் விரல் அத்தனையும் இழந்தவர் அவர். அதோடு மலையை விட்டாரா என்றால் இல்லை. குட்டையாகிப்போன பாதத்துக்குத் தக்க குட்டைக் காலணி செய்யச் சொல்லி, மறுபடி ஏற ஆரம்பித்தவர். பாதத்துக்குத் தகுந்த காலணி என்றால் என்ன அர்த்தம் என்பதை டென்சிங்குக்கு அவரைவிட நன்றாக யார் காட்டியிருக்க முடியும்?

மே 27 இரவு. சுமார் 8,400 மீட்டர் உயரத்தில் ஒரு சின்னக் கூடாரம். உறங்கும் பை இல்லை, அடுப்பு இல்லை. மெழுகுவத்திச் சுடரில் தகர டப்பாவைக் காட்டி, பனியை உருக்கிக் குடித்தார்கள். தூங்கினால் விறைத்துச் செத்துப்போவோம் என்று ஒருவரை ஒருவர் தட்டிக்கொண்டே இரவைக் கழித்தார்கள். மறுநாள் ஆக்சிஜன் கருவி சரியாக வேலை செய்யாமல், சுமார் 8,595 மீட்டர் வரை போய்த் திரும்பினார்கள். அதுவரை வேறு யாரும் அவ்வளவு உயரம் ஏறியதாகப் பதிவு இல்லை.

அதே வருடம் மழைக்காலம் முடிந்து மறுபடி முயற்சி. மேலிருந்து விழுந்த பனிக்கட்டிகள் தாக்கி மிங்மா தோர்ஜே என்ற ஷெர்பா இறந்தார். குளிரும் காற்றும் விடவில்லை. டென்சிங் உடம்பு இளைத்து, காய்ச்சலோடு வீடு வந்தார். ஆனால் சும்மா வரவில்லை. லாம்பெர் கொடுத்த சிவப்புக் கழுத்துத்துணியும், ரெயிண்டீர் மான் தோலில் செய்த சுவிஸ் காலணியும் கூட வந்தன.

காலணி யாருக்குச் சொந்தம்?

1953 ஆங்கிலேயக் குழு வேறு மாதிரி. ஜான் ஹண்ட் ராணுவ அதிகாரி, எல்லாவற்றிலும் திட்டம். காலணிக்காகவே பிரிட்டனில் காலணித் தொழில் ஆராய்ச்சி நிறுவனம் ஒன்று வேலை செய்தது. உள்ளே இலவம்பஞ்சு போன்ற நார் அடைத்து, நுண்ணிய காற்றறைகள் கொண்ட ரப்பர் அடிப்பாகம் வைத்துத் தனி காலணி தயாரானது. குளிரும் அண்டாது, வாரை இறுக்கினாலும் நசுங்காது என்பது கணக்கு. கிராம்பானையும் அந்தப் பருத்த காலணிக்கு ஏற்ற அளவில் பொருத்தணும்.

ஆனால் ஷெர்பாக்களுக்கு வேறு குறை. காத்மாண்டுவில் தூதரக வளாகத்தில் அவர்களுக்குத் தங்கக் கொடுத்தது வண்டிக்கொட்டகை. வெள்ளைக்காரர்களுக்கு உள்ளே படுக்கை, இவர்களுக்குக் கழிப்பறைகூட இல்லை. மலைக்குத் தரும் உடையும் சாமானும் வேலை முடிந்ததும் எங்களுக்கா, திருப்பிக் கொடுக்கணுமா என்ற தகராறும் வந்தது. சுவிஸ்காரர்கள் கொடுத்துவிட்டுப் போவார்கள். சாமானும் சம்பளத்தில் சேர்த்தி என்பதுதான் அவர்கள் பழகிய வழக்கம். சர்தார் என்ற முறையில் இரண்டு பக்கமும் பேச்சு வாங்கியவர் டென்சிங். இதைச் சில்லறைச் சண்டை என்று பல புத்தகங்கள் தாண்டிப் போய்விடுகின்றன. உயிரைத் தாங்கும் காலணி தன்னுடையதா, இரவலா என்று கேட்பது எப்படிச் சில்லறை ஆகும்?

ஏப்ரல் கடைசியில் கும்பு பனியருவியில் எட்மண்ட் ஹிலாரி ஒரு பிளவைத் தாண்டிக் குதித்தார். நின்ற பனி உடைந்து உள்ளே போனார். பின்னால் வந்த டென்சிங் கோடரியைப் பனியில் ஊன்றி, கயிற்றை இறுக்கிப் பிடித்துவிட்டார். அந்த நொடியில் அவர் கால் வழுக்கியிருந்தால் இரண்டு பேருமே போயிருப்பார்கள். இருவரும் ஜோடியானது அதற்குப் பிறகுதான் உறுதியானது.

இரண்டு மணி நேரம் தாமதம் ஏன்?

மே 29 அதிகாலை 4 மணி. சுமார் 8,500 மீட்டரில் கூடாரம், மைனஸ் 27 டிகிரி. ஹிலாரி முந்தைய இரவு ஈரமான காலணியைக் கழற்றி வைத்திருந்தார். காலையில் பார்த்தால் கல்லாக உறைந்து கிடக்கிறது! அடுப்பு நெருப்பில் வாட்டி வாட்டி, அது கால் நுழையும் பதத்துக்கு வர ரொம்ப நேரம் ஆனது. டென்சிங்குக்கு அந்தத் தொல்லை இல்லை. சுவிஸ் காலணியை அவர் கழற்றவே இல்லை, காலோடு வைத்தே படுத்திருந்தார். அவ்வளவு ஆராய்ச்சி நடந்த காலணி இருந்தும், தன் காலுக்குப் பழகியதைத்தான் அவர் தேர்ந்தெடுத்தார். 1935-ல் கொடுத்ததைப் போட்டுக்கொண்டவர் எங்கே, இவர் எங்கே?

காலை 6.30-க்குக் கிராம்பானைக் கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். 9 மணிக்குத் தெற்கு உச்சி. அதற்கு மேல் சுமார் 40 அடி பாறைச் சுவர் ஒன்று வழியை மறித்தது. பாறைக்கும் அதில் ஒட்டி நின்ற பனிக்கும் நடுவே ஆள் நுழையும் அளவு இடுக்கு. ஹிலாரி பாறையைப் பார்த்தபடி உள்ளே நுழைந்து, கிராம்பான் முள்ளைப் பின்பக்கமாக உதைத்து உறைபனியில் பதித்து, அதை மிதித்தே உடம்பை மேலே தள்ளினார். முதுகுக்குப் பின்னால் இருந்த பனி பிய்த்துக்கொண்டு போயிருந்தால் கீழே ஆயிரக்கணக்கான அடி. அந்த இடத்துக்குத்தான் பிறகு ‘ஹிலாரி ஸ்டெப்’ என்று பெயர் வந்தது. கயிற்றின் மறுமுனையில் டென்சிங் பின்தொடர்ந்தார். 11.30 மணிக்கு உச்சி. சுமார் 15 நிமிடம் இருந்தார்கள்.

அந்தப் படத்தில் டென்சிங் உடம்பில் இருந்ததை ஒவ்வொன்றாகப் பார்த்தால் அவர் வாழ்க்கையே தெரியும். காலணி சுவிஸ். காலுறை மனைவி அங் லாமு பின்னியது. மேலே காற்று தாங்கும் சட்டை ஆங்கிலேயக் குழு கொடுத்தது. தலையில் டென்மனின் பழைய குல்லாய். கழுத்தில் லாம்பெரின் சிவப்புத்துணி. கோடரியில் ஐ.நா., பிரிட்டன், நேபாளம், இந்தியா என நான்கு கொடி. மகள் நீமா கொடுத்த பென்சிலைப் பனியில் புதைத்தார்.

கீழே வந்ததும் ஆரம்பித்தது இன்னொரு ரகளை. முதலில் கால் வைத்தது யார்? டென்சிங் நேபாளியா, இந்தியரா? ஊர்வலம், கோஷம், பத்திரிகைக்காரர்கள் என்று அவரைப் பிய்த்து எடுத்துவிட்டார்கள். 1955-ல் வந்த தன் வாழ்க்கைக் கதையில், ஹிலாரிதான் ஓர் அடி முன்னால் என்று அவரே போட்டு உடைத்தார். ஒரே கயிற்றில் ஏறுகிறவர்களுக்கு இந்தக் கேள்வியே அபத்தம் என்பது அவர் கட்சி.

டார்ஜிலிங்கில் ஆசிரியர்

நேருவின் முயற்சியில் 1954 நவம்பர் 4-ல் டார்ஜிலிங்கில் இமயமலை ஏற்றப் பயிற்சி நிறுவனம் தொடங்கியது. அதற்கு முன்பே டென்சிங்கைச் சுவிட்சர்லாந்துக்கு அனுப்பி, அர்னால்ட் கிளாட்ஹார்டிடம் பயிற்சி பெற வைத்தார்கள். எவரெஸ்ட் ஏறியவருக்கு என்ன பயிற்சி என்று கேட்கலாம். ஏறுவது வேறு, ஏறச் சொல்லித்தருவது வேறு. களப் பயிற்சி இயக்குநராக 20 வருடங்களுக்கு மேல் அங்கேயே இருந்தார். 1959-ல் பத்மபூஷண் கிடைத்தது.

இன்று தமிழ்நாட்டிலிருந்தும் டார்ஜிலிங், உத்தரகாசி, மணாலி என்று பயிற்சிக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். கிராம்பான் வாங்குகிறவர்களுக்கும் வாடகைக்கு எடுப்பவர்களுக்கும் டென்சிங் கதையிலிருந்து கிடைப்பது ஒன்றே ஒன்று: முதலில் காலணி, பிறகுதான் முள். கடையில் பளபளப்பான கிராம்பானைப் பார்த்து மயங்கி வாங்கிவிட்டு, அதற்குக் காலணி தேடுவது தலைகீழ் வேலை.

காலணி வளையும் ரகம் என்றால் முன்னும் பின்னும் பிளாஸ்டிக் கூடையும் வாரும் உள்ள கிராம்பான்தான் பொருந்தும். நடைக்கு, மிதமான சரிவுக்கு அது போதும். கொஞ்சம் விறைப்பான அடிப்பாகமும் குதிகால் பக்கம் விளிம்பும் இருந்தால், முன்னால் கூடை, பின்னால் நெம்புகோல் பூட்டு உள்ள ரகம் சரிவரும். முழுக்க விறைப்பாக, இரண்டு பக்கமும் விளிம்பு உள்ள காலணி என்றால் முன்னால் கம்பி, பின்னால் நெம்புகோல் உள்ளதை மாட்டலாம். செங்குத்துப் பனிச்சுவர் ஏற அதுதான் தோது, துளியும் ஆடாது. ஆனால் வளையும் காலணியில் இதை மாட்டினால் நடுவழியில் படக்கென்று கழன்றுவிடும். விளிம்பில்லாத காலணியில் கம்பி நிற்கவே நிற்காது.

உலோகத்திலும் ஏமாறக் கூடாது. அலுமினியம் எடை குறைவுதான், ஆனால் பாறையில் மிதித்தால் சீக்கிரம் மழுங்கும். பனிப்பாறை நடைக்கு ஓகே. பாறையும் பனியும் கலந்த இடத்துக்கும் பனிச்சுவருக்கும் எஃகுதான். ஈரப்பனி அடியில் கட்டியாக ஒட்டினால் முள் இருந்தும் இல்லாத மாதிரிதான், அதனால் ஒட்டாமல் தடுக்கும் தகடு இருக்கிறதா என்று பார்க்கணும். குளிர்கால நடைப்பயணங்களில் வாடகைக்குக் கிடைக்கும் சங்கிலி முள், கிராம்பான் ஆகாது. தட்டையான பாதைக்கு அது சரி, செங்குத்துச் சரிவில் அதை நம்பி இறங்கினால் வம்பு.

பொருத்தம் பார்க்க ஒரு சுலபமான சோதனை உண்டு. கிராம்பானின் அளவைச் சரிசெய்து, வாரைக் கட்டாமல் காலணியில் பொருத்தித் தூக்கிப் பார்க்கணும். விழாமல் ஒட்டிக்கொண்டு நின்றால் அளவு சரி. வாரை இறுக்கித்தான் நிறுத்த முடிகிறது என்றால் அது அந்தக் காலணிக்கான கிராம்பான் இல்லை. இதை வீட்டிலேயே, தடித்த கையுறை போட்டுக்கொண்டு பத்து முறை மாட்டிக் கழற்றிப் பழகணும். மைனஸ் டிகிரியில் விரல் விறைத்த பிறகு பழக முடியாது. வாரின் மிச்ச நுனி தொங்கக் கூடாது, பேன்ட் தொளதொளவென்று இருக்கக் கூடாது. அடுத்த காலின் முள் அதில் மாட்டித் தடுக்கி விழுந்தவர்கள் நிறையப் பேர்.

டென்சிங் 1986 மே 9-ல் டார்ஜிலிங்கில் காலமானார். தான் பாடம் நடத்திய அந்தப் பயிற்சி நிறுவன வளாகத்திலேயே தகனம் நடந்தது. மகன் ஜம்லிங் இளம் வயதில் எவரெஸ்ட் போகணும் என்று கேட்டபோது அவர் சம்மதிக்கவில்லை. பிள்ளைகள் ஏற வேண்டிய அவசியம் வரக் கூடாது என்பதற்காகத்தான் தான் ஏறியதாகச் சொல்லி மறுத்துவிட்டார். ஜம்லிங் 1996 மே 23 அன்று அந்த உச்சிக்குப் போனார். அப்பா இறந்து 10 வருடம் ஆகியிருந்தது.